"என்ன சொல்ல வருது?" என்று கேட்டவர்கள்

ஜெர்மைன் துலாக் என்ற பிரெஞ்சு இயக்குநர் 1927இல் எடுத்த படம் 'சிப்பியும் பாதிரியாரும்'. அது பிரித்தானியத் திரைப்படத் தணிக்கைச் சபைக்குப் போனபோது சபை அனுமதி தர மறுத்துவிட்டது. அதற்குச் சொன்ன காரணத்தை சினிமா வரலாறு எழுதுகிற ஆக்கள் இன்றைக்கும் எடுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். படம் ஒரே புதிராக இருக்கிறது, கிட்டத்தட்ட அர்த்தமே இல்லை. அப்படி ஏதும் அர்த்தம் இருந்தால் அது ஆட்சேபிக்கத்தக்கதாகத்தான் இருக்கும். இதுதான் காரணம்.

விளங்கேல்ல, ஆனபடியால் தடை. சிரிப்பு வருகிறதுதான். ஆனால் இந்தத் தணிக்கைக்காரர் எங்களுக்கு அவ்வளவு அந்நியமான ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கவிதை படித்த எல்லாருக்கும் 'கவிஞர் கூற வருவது யாது?' என்ற கேள்வி பழக்கம். படமோ கவிதையோ ஓவியமோ, எல்லாம் ஏதோ ஒன்றைச் சுற்றிக் கட்டிய பொதி மாதிரி. பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் சுற்றின கடதாசியைக் குப்பையில் போடலாம் என்று பழகிவிட்டோம். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் ஏமாற்றிப்போட்டார்கள் என்று கோபம் வருகிறது. டாடா, சர்ரியலிசப் படங்களைப் பார்க்கிற எங்களில் பலருக்கு முதலில் வருவதும் அந்தக் கோபம்தான். ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர்கள் பொதிக்குள் எதையும் வைக்க மறுத்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது சினிமாவில் தொடங்கவில்லை. போரில் தொடங்குகிறது.

1916 பெப்ரவரி 5ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் சூரிக் நகரில் ஹியூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் 'கபரே வோல்டேர்' என்ற சின்ன இரவு விடுதியைத் திறந்தார்கள். பதினாறு நாள் கழித்து பிரான்சில் வெர்டன் சண்டை தொடங்கியது. அது பத்து மாதம் நீடித்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 3 இலட்சம் பேர் செத்தார்கள். நடுநிலை நாடான சுவிற்சர்லாந்துக்கு ஓடிவந்த ஜேர்மனியர்கள், ருமேனியர்கள் எல்லாரும் அந்த விடுதியில் கூடினார்கள். ஒரே கவிதையை மூன்று மொழியில் ஒரே நேரத்தில் மூன்று பேர் கத்தி வாசித்தார்கள். பால், கடதாசி மட்டையால் செய்த ஓர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, எந்த மொழியிலும் இல்லாத சொற்களால் ஆன கவிதையைச் சொன்னார். அதற்கு 'டாடா' என்று பெயர் வைத்தார்கள்.

இதை விசர்க்கூத்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் போருக்கு அர்த்தம் குறைவாக இருக்கவில்லை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அர்த்தம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. நாடு, மானம், நாகரிகம், கடவுள் என்று ஒவ்வொரு சாவுக்கும் விளக்கம் தயாராக இருந்தது. 1914 ஒக்டோபரில் ஜேர்மனியின் 93 அறிஞர்களும் கலைஞர்களும் கையெழுத்திட்டுத் தங்கள் இராணுவத்தை நியாயப்படுத்தி அறிக்கை விட்டார்கள். மற்றப் பக்கத்திலும் பேராசிரியர்களும் பாதிரிமாரும் கவிஞர்களும் அதையே செய்தார்கள். நல்ல இலக்கணத்தோடு, நல்ல தர்க்கத்தோடு எழுதப்பட்ட வசனங்கள் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படியான நேரத்தில் வசனத்தையே உடைக்கிறவனை விளங்காதவன் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்தில் சர்ரியலிசத்தின் தலைவராகப் போகிற ஆந்த்ரே பிரெத்தோன் அப்போது மருத்துவ மாணவர். 1916இல் செயின்ட் டிசியே என்ற ஊரில், போர்முனையில் மனம் குழம்பிப்போன சிப்பாய்களைப் பார்க்கும் நிலையத்தில் வேலை செய்தார். அங்கே அவர் சந்தித்த ஒரு சிப்பாயைப் பற்றிப் பிறகு எழுதியிருக்கிறார். போர் என்பதே பொய், நாடகம் என்று அந்த ஆள் நம்பினான். விழுகிற எறிகணைகள் போலி, காயங்கள் எல்லாம் ஒப்பனை, பிணங்கள் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து இரவோடிரவாகக் கொண்டுவந்து பரப்பியவை. ஆகவே பதுங்குகுழி விளிம்பில் ஏறி நின்று எறிகணைகளுக்குக் கைகாட்டி வழி சொல்லிக்கொண்டிருப்பானாம். டொக்டர்மாருக்கு அவன் நோயாளி. இருபது வயதுப் பிரெத்தோனுக்கு அது அவ்வளவு இலேசாக முடிகிற விஷயமாக இருக்கவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முந்தி, நான்த் நகர ஆஸ்பத்திரியில், ஜாக் வாஷே என்ற காயப்பட்ட சிப்பாய் அவருக்குச் சிநேகிதனானான். இரண்டு பேரும் படம் பார்க்கப் போகிற விதம் வேடிக்கையானது. என்ன படம் ஓடுகிறது என்று பார்க்காமல் ஏதோ ஒரு தியேட்டருக்குள் போவார்கள். கதை பிடிபடத் தொடங்கி அலுப்பு வந்ததும் எழும்பி அடுத்த தியேட்டருக்குப் போய்விடுவார்கள். சிலவேளை உள்ளே இருந்து சாப்பிட்டுக் குடித்துச் சத்தமாகக் கதைப்பார்கள். ஒரு நாள் முழுக்க இப்படி அலைந்தால் அரைகுறைத் துண்டுகளால் ஆன, ஒருவரும் எடுக்காத ஒரு படம் அவர்கள் தலைக்குள் ஓடியிருக்கும். சர்ரியலிச சினிமா கமராவில் தொடங்க முந்தியே பார்வையாளரின் கதிரையில் தொடங்கிவிட்டது என்று நாங்கள் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

படங்களுக்கு வருவோம். 1923 ஜூலை 6, பாரிஸில் மிஷேல் அரங்கு. டாடாக்காரர் திரிஸ்தான் ட்ஸாரா ஒரு மாலை நிகழ்ச்சி ஒழுங்கு செய்கிறார். நிகழ்ச்சி நிரலில் மான் ரேயின் படம் என்று போட்டாயிற்று. அந்த விஷயம் மான் ரேக்குத் தெரியவந்தது முதல் நாள்தான். புகைப்படக்காரரான அவர் படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, இருட்டறையில் விரித்து, கறிக்குப் போடுகிற மாதிரி உப்பும் மிளகுத்தூளும் தூவினார். இன்னொரு துண்டில் குண்டூசிகள், வேறொன்றில் ட்ரோயிங் பின்கள். ஒரு கணம் லைட்டைப் போட்டு அணைத்துக் கழுவினார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த சில காட்சிகளையும் சேர்த்து ஒட்டினால் ஏறக்குறைய மூன்று நிமிடப் படம். பெயர் 'பகுத்தறிவுக்குத் திரும்புதல்'. திரையில் வெள்ளைப் புள்ளிகள் பனி மாதிரிக் கொட்டுகின்றன, ஆணிகள் துள்ளுகின்றன, ஒரு பெண்ணின் உடம்பில் திரைச்சீலை நிழல் வரிவரியாக ஓடுகிறது. ஒட்டு சரியில்லாததால் இடையில் படம் இரண்டு தரம் அறுந்தது.

அன்றைக்கு மேடையில் நடந்தது இன்னொரு படம். பிரெத்தோன் கைத்தடியால் அடித்ததில் பியர் தெ மசோ என்ற கவிஞரின் கை முறிந்தது. பொலிஸ் வந்தது. டாடாவும் அதற்குள்ளிருந்து முளைத்துக்கொண்டிருந்த சர்ரியலிசமும் பிரிந்துபோன இரவு என்று அதைச் சொல்வார்கள். பகுத்தறிவுக்குத் திரும்புதல் என்ற பெயருக்குப் பொருத்தமான இரவு! (மான் ரேயின் பரிசோதனைகள் எங்கள் பக்கமும் எட்டின. கொழும்பில் லயனல் வென்ட் 1930களில் சோலரைசேஷன், படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துதல் என்று செய்து பார்த்த புகைப்படங்களை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அது தனியாக எழுத வேண்டிய கதை.)

உப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. உப்பு உப்பைத்தான் குறிக்கிறது. அதுவும் பிலிமில் அது கிடந்த இடத்தின் நிழல்.

எங்களுக்கு மிகவும் பிடித்த டாடாப் படம் அடுத்த வருடம் வந்தது. ரெனே கிளேர் இயக்கிய 'இடைவேளை'. 'ரெலாஷ்' என்ற பாலேயின் இரண்டு அங்கங்களுக்கு நடுவில் காட்டுவதற்காக எடுத்தது என்பதால் அந்தப் பெயர். 'ரெலாஷ்' என்றால் 'இன்று காட்சி இல்லை' என்று தியேட்டர் வாசலில் தொங்கவிடுகிற அறிவிப்பு. 1924 நவம்பர் 27ஆம் திகதி முதல் காட்சிக்கு வந்த பாரிஸ் பெரிய மனிதர்களுக்கு உண்மையிலேயே காட்சி இருக்கவில்லை. முதன்மை நடனக்காரர் ஜோன் போர்லினுக்குச் சுகமில்லை. வாசலில் 'ரெலாஷ்' என்று கிடந்ததைப் பார்த்து இதுவும் பகிடிதான் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு கிழமை கழித்து டிசம்பர் 4இல்தான் அரங்கேற்றம்.

கதையை எழுதிக் கொடுத்தவர் பிரான்சிஸ் பிக்காபியா, 'மக்சிம்' உணவகத்தின் கடிதத்தாளில். இசை எரிக் சாத்தி. இரண்டு பேரும் படத்தில் வந்து ஒரு பீரங்கியைச் சுற்றி மெதுவாகத் துள்ளுகிறார்கள். மார்செல் டுஷாம்பும் மான் ரேயும் கூரையில் செஸ் விளையாட, தண்ணீர் பீய்ச்சி அடித்துப் பலகையைக் கழுவிக்கொண்டு போகிறது. கண்ணாடிக்குக் கீழே கமராவை வைத்து எடுத்த ஒரு நடனப்பெண் பூ மாதிரி விரிந்து விரிந்து சுருங்குகிறாள். கமரா முகத்துக்கு ஏறினால் தாடி. பிறகு ஒரு செத்தவீடு. பாடையை இழுப்பது ஒட்டகம். வண்டியில் தொங்குகிற மலர்வளையம் பாணால் செய்தது, பின்னால் வருகிற ஒருவர் அதைப் பிய்த்துத் தின்கிறார். துக்கம் கொண்டாட வந்தவர்கள் எல்லாரும் மெதுவான வேகத்தில் தாவித் தாவிப் போகிறார்கள். திடீரென்று வண்டி கழன்று தானாக ஓட, ஊர்வலம் துரத்துகிறது. படத்தின் வேகம் ஏறி ஏறி, ரோலர் கோஸ்டரில் வைத்து எடுத்த காட்சிகளில் தலைகீழாகிறது.

அந்தத் துரத்தலில் ஒரு கணம். கால் இல்லாமல் சில்லுப் பலகையில் இருந்து கையால் தள்ளிக்கொண்டு வருகிற ஒருவர், வேகம் காணாமல், பலகையை விட்டு எழும்பி ஓடத் தொடங்குகிறார். நாங்கள் சேர்ந்து பார்த்தபோது எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு ஒருவர் கேட்டார்: 1924இல் பாரிஸ் தெருக்களில் கால் இழந்த பழைய சிப்பாய்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அறையில் சத்தமில்லை. கால் இழந்தவர்களை எங்கள் ஊர்த் தெருக்களில் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கேள்வியைத் தள்ளிவிட ஏலாது. உடனே ஒரு வியாக்கியானம் தயாராகிறது: இது போரைப் பற்றிய படம், அந்த ஊர்வலம் ஐரோப்பா, அந்தப் பெட்டிக்குள்... ஆனால் படம் அதற்கு இடம் தராமல் ஓடிவிடுகிறது. பெட்டி வயலில் விழுகிறது, உள்ளேயிருந்து ஒரு மந்திரவாதி சிரித்துக்கொண்டு எழும்புகிறான், துரத்தி வந்தவர்களைக் கோலால் தொட்டு ஒவ்வொருவராக மறைய வைத்து, கடைசியில் தன்னையும் மறைத்துக்கொள்கிறான். போர் அந்தப் படத்தில் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கருத்தாக அது அங்கே இல்லை. சிரித்த சிரிப்பு தொண்டையில் நின்றதே, அந்த அளவுக்குத்தான் இருக்கிறது.

சர்ரியலிசம் வேறு ஆட்டம். 1924இல் பிரெத்தோன் முதல் அறிக்கையை வெளியிட்டார். டாடாவுக்கு அர்த்தத்தை உடைப்பது போதும். சர்ரியலிஸ்டுகளுக்கு உடைந்த இடத்தில் கனவு வேணும், நனவிலி வேணும், ஃப்ராய்ட் வேணும். இதனால்தான் சிக்கல். டாடாப் படத்தில் அர்த்தம் தேடுகிறவர் சீக்கிரம் களைத்துவிடுவார். சர்ரியலிசப் படமோ 'எனக்குள்ளே ஏதோ இருக்கு' என்று கண்ணடித்துக்கொண்டே இருக்கும்.

லூயிஸ் புனுவலும் சல்வடோர் டாலியும் எடுத்த 'ஓர் அந்தலூசிய நாய்' அப்படிக் கண்ணடிப்பதில் மன்னன். ஒருவர் கண்ட கனவில் நிலவை ஒரு மெல்லிய முகில் வெட்டிப்போனது, சவரக்கத்தி கண்ணை வெட்டுகிற மாதிரி. மற்றவர் கண்ட கனவில் உள்ளங்கையில் எறும்புகள். இந்த இரண்டையும் வைத்து ஒரு கிழமைக்குள் கதையை எழுதி முடித்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரேயொரு விதி: அறிவால் விளக்கக்கூடிய எந்தக் காட்சியும் உள்ளே வரக்கூடாது. ஒருவர் ஒரு காட்சியைச் சொல்ல, மற்றவருக்கு அதன் காரணம் பிடிபட்டால் அது வெளியே. எங்களுக்குத் தெரிந்த எழுத்து முறைகளில் இதுதான் கஷ்டமானது. அடுத்த முறை நாலு பேர் கூடும்போது செய்து பாருங்கள். மூன்றாவது வசனத்திலேயே காரணம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

படத்துக்கான காசு புனுவலின் தாயிடம் வாங்கியது. 1929 ஜூன் 6ஆம் திகதி உர்சுலீன் தியேட்டரில் முதல் காட்சி. புனுவல் திரைக்குப் பின்னால் கிராமபோன் வைத்து வாக்னரையும் ஆர்ஜென்டீன டாங்கோவையும் மாற்றி மாற்றிப் போட்டார். சனம் அடிக்க வந்தால் எறிய என்று சட்டைப்பையில் கற்கள் வைத்திருந்ததாகப் பிறகு எழுதினார். சனம் கைதட்டியது. கற்களை மெல்லக் கீழே போட்டுவிட்டார்.

அந்தக் கைதட்டல் அவருக்கு நிம்மதி தரவில்லை. படம் மாதக்கணக்கில் ஓடியது. பார்த்தவர்கள் அழகு, கவித்துவம் என்று புகழ்ந்தார்கள். அதே வருடக் கடைசியில் கதையைச் சர்ரியலிச சஞ்சிகையில் அச்சிட்டபோது புனுவல் முன்னுரையில் சீறினார்: கொலைக்கு விடுத்த ஆவேசமான அழைப்பை இந்த மூடக் கூட்டம் அழகாக இருக்கிறது என்கிறது. அர்த்தம் இல்லாத படம் என்றால் எங்கிருந்து வந்தது இந்த அழைப்பு? 1947இல் இன்னொரு குறிப்பு எழுதினார். படத்தில் எதுவும் எதையும் குறிக்கவில்லை என்று அடித்துச் சொன்ன கையோடு, குறியீடுகளை ஆராய வேண்டுமானால் உளப்பகுப்பாய்வு ஒருவேளை உதவலாம் என்றும் சேர்த்துவிட்டார்! தலைப்பும் அப்படித்தான். நாயும் இல்லை, அந்தலூசியாவும் இல்லை. தான் முன்பு எழுதிய கவிதைத் தொகுப்பொன்றின் பெயர் என்றார் புனுவல். ஆனால் இருவருக்கும் பழைய சிநேகிதனான அந்தலூசியக் கவிஞர் லோர்கா, அந்த நாய் தான்தான் என்று மனம் நொந்தார். எடுத்தவர் ஒன்றும் வைக்காத இடத்திலும் பார்க்கிறவர் தன் காயத்தோடுதான் வருகிறார். அதை எந்த விதியாலும் தடுக்க ஏலாது.

எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இருக்கிறது. அர்த்தத்திலிருந்து விடுதலை என்று சொன்ன இந்த ஆண்கள், பெண்ணை எப்படிப் பார்ப்பது என்ற விஷயத்தில் மட்டும் பழைய அர்த்தத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வெட்டப்படுவது பெண்ணின் கண். (உண்மையில் செத்த கன்றுக்குட்டியின் கண். ஆனாலும்.) மான் ரேயின் படத்தில் பெண்ணுக்குத் தலை இல்லை, உடம்பு மட்டும். 'சிப்பியும் பாதிரியாரும்' கதையை எழுதியவர் அந்தோனின் ஆர்த்தோ. துலாக் அதைக் கெடுத்துப்போட்டார் என்பது அவருடைய கோபம். 1928 பெப்ரவரி 9இல் அதே உர்சுலீன் தியேட்டரில் படம் ஓடியபோது சர்ரியலிஸ்டுகள் கூச்சல் போட்டு, துலாக்கைக் கெட்ட வார்த்தையால் ஏசினார்கள். 'ஓர் அந்தலூசிய நாய்' வருவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முந்திய படம் இது. ஒரு முகம் இரண்டாகப் பிளக்கிறது, பாதிரியாரின் அங்கியின் வால் வீதி நீளத்துக்கு வளர்கிறது, ஒரே தாழ்வாரத்தில் கதவுகள் திறந்து திறந்து எங்கேயும் போகாமல் இருக்கின்றன. சர்ரியலிச சினிமாவின் முதல் படம் என்ற இடத்தைத் துலாக்குக்குக் கொடுக்க எத்தனையோ வரலாற்று நூல்கள் தயங்கியிருக்கின்றன. நாங்கள் தயங்கவில்லை.

1930இல் புனுவலின் அடுத்த படம் 'பொற்காலம்'. இங்கே புதிர் கொஞ்சம்தான். திருச்சபை, இராணுவம், மேல்தட்டுக் குடும்பம் எல்லாவற்றுக்கும் நேராக அடி. டிசம்பர் 3ஆம் திகதி தேசபக்தர் சங்கமும் யூத எதிர்ப்புச் சங்கமும் 'ஸ்டூடியோ 28' தியேட்டருக்குள் புகுந்து திரையில் மை வீசி, முன்மண்டபத்தில் மாட்டியிருந்த டாலி, மிரோ, எர்ன்ஸ்ட், தாங்கி ஆகியோரின் ஓவியங்களைக் கிழித்தார்கள். ஒரு கிழமைக்குள் பாரிஸ் பொலிஸ் தலைவர் படத்தைத் தடைசெய்தார். உடைத்தவர்களுக்கு அல்ல, உடைபட்ட படத்துக்குத் தண்டனை. பிரான்சில் அது மறுபடி பகிரங்கமாக ஓட ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. அந்த மை வீசியவர்கள் படத்தை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, இந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது? எதுவும் சொல்லாமல் வாய்பொத்தி இருப்பது ஒரு வழி. அது பக்தி மாதிரி ஆகிவிடும். சர்ரியலிஸ்டுகளே இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். 1951இல் பாரிஸ் குழு, ஸ்டேர்ன்பேர்க்கின் 'ஷாங்காய் ஜெஸ்சர்' என்ற ஹொலிவூட் படத்தை எடுத்துக்கொண்டு, படத்தில் பதில் இல்லாத கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டு, யோசிக்காமல் உடனே எழுதிய பதில்களைச் சஞ்சிகையில் போட்டது. படத்தை அறிவுக்கு ஒவ்வாத விதத்தில் விரிவாக்குவது என்று அதற்குப் பெயர். என்ன சொல்ல வருகிறது என்று குடைந்து எடுப்பதற்குப் பதிலாகப் படத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது.

நாங்கள் அதை 'ஓர் அந்தலூசிய நாய்' வைத்துச் செய்து பார்த்தோம். கண் வெட்டப்பட்டதும் திரையில் 'எட்டு வருடங்களின் பின்' என்று எழுத்து வரும். அடுத்த காட்சியில் அதே பெண் இரண்டு கண்ணும் முழுசாக, புத்தகம் வாசித்துக்கொண்டு இருப்பாள். பியானோவுக்கு மேல் கிடக்கிற செத்த கழுதைக்கு என்ன பெயர், கோடு போட்ட அந்தப் பெட்டியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று தொடங்கின கேள்விகள், கடைசியில் அந்த எட்டு வருடமும் அவள் எங்கே இருந்தாள் என்பதில் வந்து நின்றன. ஒருவர் 'கண்ணாஸ்பத்திரியில்' என்று எழுதியிருந்தார். ஒருவர் 'கடலுக்குள்'. இன்னொருவர் 'கச்சேரியில், ஒரு கையெழுத்துக்காக'. அதை வாசித்ததும் எல்லாரும் சிரித்தோம், பிறகு அந்தக் காட்சியை மட்டும் பின்னுக்கு ஓட்டி இன்னொரு தரம் போட்டோம். அவளுடைய கையில் இருக்கிற புத்தகத்தில் வெர்மீர் வரைந்த சரிகை பின்னும் பெண்ணின் படம் இருந்தது. முதல் தரம் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.